குதிரைக்கா சொன்ன பொய்

"மேடம், உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறாள் குதிரைக்கா. மணி காலை ஆறு. உள்ளே இருப்பது இருபத்திரண்டு வயதான பழுப்பு நிறப் பெண் குதிரை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வெளியே ஒருத்தி நிற்பதையே கண்டுகொள்ளாமல் இருக்கிறது. அக்காவின் ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் குளம்பு சுரண்டும் கொக்கி, தோளில் ஈரத்துண்டு. இன்னும் ஏழு குதிரைகள் வரிசையில் காத்திருக்கின்றன, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் பதில் வராமல் உள்ளே கால் வைக்க மாட்டாள். கடைசியில் பழுப்புக் குதிரை ஒரே ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்புகிறது. அது போதும். "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று தாழ்ப்பாளை நீக்குகிறாள்.

குதிரைகளுக்கெல்லாம் வாங்க, போங்கதான். மனிதர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தீவன மூட்டை இறக்க வரும் லாரி டிரைவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். "டேய், மெதுவா போடுடா, வாத்தியார் தூங்குறாரு" என்று அவரை ஓர் அதட்டு அதட்டுவாள். வாத்தியார் என்பது கடைசி அறையில் நிற்கும் வெள்ளைக் குதிரை. யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்கிற முகம் அதற்கு. லாரி டிரைவரும் பாவம், மூட்டையைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கி வைத்துவிட்டுப் போவார்.

லாயம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை போட்ட எட்டு அறைகள், முன்னால் இரும்புக் குழாய் வேலி கட்டிய மணல் வட்டம், ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தீவன அறைக்கு மேலே ஒற்றை அறையில் அக்கா குடியிருக்கிறாள். வயது முப்பத்தெட்டு. முதலாளி வாரத்துக்கு ஒரு நாள் வருவார். அவருக்குக் குதிரை என்றால் உயிர், குதிரை வாசனை மட்டும் ஆகாது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே எட்டு அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அக்காவின் தம்பி அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிறான். மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸோடு இங்கே வந்துவிடுவான்.

"குதிரைகிட்டல்லாம் பர்மிஷன் கேக்குற. என் பாக்ஸ்ல இருக்கிற முட்டையை மட்டும் கேக்காமலே எடுத்துக்குற" என்பான்.

"நீ குதிரையா இருந்தா கேட்டிருப்பேன்டா" என்று முட்டையை வாயில் போட்டுக்கொள்வாள்.

சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் வருவார்கள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை, எல்லாமாகப் பதினான்கு பேர். முதல் நாள் வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் தொப்பியும் பூட்ஸுமாக, வந்ததும் ஏறிப் பறக்கப்போகிற தோரணையில்தான் வந்து இறங்கும். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. முதல் மூன்று வாரம் ஏறுவதே கிடையாது. அறைக்கு வெளியே நின்று, புறங்கையை நீட்டி, குதிரை மோந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டடி பின்னால் போய் நின்று, பத்து மூச்சு விட்டு, மறுபடி வர வேண்டும். மூன்று தடவை திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பிள்ளை சாணியை அள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பெற்றோருக்கு இது சுலபத்தில் செரிக்காது. "என்னங்க இது, இவ்வளவு தூரம் காரை எடுத்துட்டு வந்திருக்கோம். குதிரைக்கு இன்னிக்கு இஷ்டம் இல்லையாமா?" என்று ஒரு தாய் குதித்தார். "ஆமாங்க, இஷ்டம் இல்ல" என்றாள் அக்கா, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

பள்ளிக்கூடத்தில் நாலு பேரைத் தள்ளிவிட்டு முன் பெஞ்சில் உட்காருகிற ஒரு தடியன் வந்தான். தலைக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். மேடம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கொட்டாவி மட்டும் விட்டது. அழுகை முட்டிக்கொண்டு நின்றவன் பக்கத்தில் அக்கா போய் உட்கார்ந்தாள். "நானூறு கிலோ இருக்காங்க கண்ணு. உன்னால இழுக்க முடியாது, என்னாலயும் முடியாது. கேக்கத்தான் முடியும்." அவன் இப்போது மேடத்தின் அறைக்கு வெளியே நிற்கிற நிற்பைப் பார்த்தால் அவன் வகுப்பு டீச்சர் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்.

அவளுடைய பாடமெல்லாம் இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். "வேண்டாம்னு சொல்றது கோவம் இல்ல. வேண்டாம்னா வேண்டாம், அவ்ளோதான்." "கடிக்கிறதுதான் அவங்க கடைசி வார்த்தை. அதுக்கு முன்னாடி பத்து வார்த்தை சொல்லியிருப்பாங்க. காதைப் பாரு, வாலைப் பாரு, வாய் எப்படி இறுகியிருக்கு பாரு. நீ கேக்கலேன்னா அது உன் தப்பு." இதை வைத்து மனிதர்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவாள். "மனுஷங்களைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? ஆளை விடுங்க."

ஒரே ஒரு கதையை மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்வாள், தன் மானம் போகிற கதை என்றாலும். அவளுக்கு இருபது வயதிருக்கும்போது, வெளியில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு குதிரையை அவசரமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் கேரட்டை நீட்டினாள், இன்னொரு கையில் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். குதிரை நம்பி வந்தது, கயிறு விழுந்தது. "அன்னிக்கு ஒரு நிமிஷம் மிச்சம் புடிச்சேன். அப்புறம் நாலு மாசம் அவர் என் பக்கத்துல வரல. நான் வந்தாலே நகர்ந்து போயிடுவாரு. நாலு மாசம்!" என்று நாலு விரலைக் காட்டுவாள். அந்த இடத்தில் பிள்ளைகள் யாரும் சிரிப்பதில்லை.

இந்தப் பிள்ளைகளில் பென்சில் என்று ஒருத்தி. ஒன்பது வயது. ஒல்லிக்கு அக்கா வைத்த பெயர். பெயின்ட் கடைக்காரரின் ஒரே மகள். மற்றப் பிள்ளைகள் மூன்று வாரத்தை எண்ணி எண்ணிக் கழித்தபோது, இவள் ஐந்தாவது வாரமும் ஏறாமல் மேடத்தின் பிடரியைச் சீவிக்கொண்டே நின்றாள். ஆனால் வாய் ஓயாது. அக்கா, மேடத்துக்குக் கனவு வருமாக்கா? அக்கா, இவங்களுக்குப் பல் விழுமாக்கா? ஒரு நாளைக்கு நூறு அக்கா. ஒருநாள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, மேடத்தைக் கேக்காம தொடக் கூடாதுல்ல?"

"கூடாது."

"என்னையும் கேக்காம தொடக் கூடாதுன்னு நான் சொல்லலாமாக்கா? பெரியவங்களா இருந்தாக்கூட?"

மனிதர்களைப் பற்றி வாயே திறக்காதவள், அன்று யோசிக்கக்கூட இல்லை. "தாராளமா சொல்லலாம். ஏன், நீ என்ன மேடத்தைவிட மட்டமா?" என்றாள். பென்சில் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டாள்.

பெட்டி இரண்டே வாரத்தில் திறந்துகொண்டது. பென்சில் வீட்டுக்கு உறவுக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பெரியப்பா வந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் என்றால் கொள்ளைப் பிரியம். அவர் பிரியத்தின் கணக்கே வேறு. கன்னத்தைக் கிள்ளுவார், இழுத்து மடியில் உட்கார வைப்பார், முத்தம் கொடுத்தால்தான் விடுவார். அன்றைக்கும் கையை நீட்டினார். பென்சில் இரண்டடி பின்னால் போனாள். "கேட்டுட்டுத் தொடுங்க பெரியப்பா" என்றாள். கூடத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. "யார் சொல்லிக் குடுத்தா உனக்கு இதெல்லாம்?" என்று அப்பா கேட்டதற்கு, "குதிரைக்கா" என்று பளிச்சென்று பதில் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா மேடத்தின் முன்னங்காலை மடக்கித் தொடையில் வைத்துக் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பெயின்ட் கடைக்காரர் வேலியைத் தாண்டி நேராக வந்து நின்றார். பின்னாலேயே பென்சில், வழக்கம்போலப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என் பொண்ணுக்கு நீங்க என்ன சொல்லிக் குடுக்குறீங்க? என் அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தவரு. அந்தக் கடையே அவர் வெச்சுக் குடுத்தது. அவர் மூஞ்சிக்கு நேரா தொடாதேங்குறா. நீங்கதான் சொன்னீங்களாமே?"

அக்கா கொக்கியை நிறுத்தினாள். போன வாரம்தான் முதலாளி கைக்குட்டைக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "பிள்ளைங்க குறைஞ்சிட்டே வர்றாங்கம்மா. இன்னும் ரெண்டு பேர் நின்னா, வயசான குதிரையை முதல்ல அனுப்பிட வேண்டியதுதான்." வயசான குதிரை என்றால் மேடம். பெயின்ட் கடைக்காரர் தெருவிலிருந்து மட்டும் பென்சிலோடு சேர்த்து மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், மற்ற இரண்டு பேரும் அவர் சொல்லி வந்தவர்கள். மேடத்தின் கனத்த குளம்பு அவள் கையில் இருந்தது.

"நான் குதிரையைப் பத்தித்தான் சார் சொன்னேன். பாப்பாதான் தப்பா புரிஞ்சுக்கிச்சு" என்றாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் பென்சிலின் முகம். அழவில்லை. கோபமாகவும் இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது, கணக்கு தப்பாக வந்தால் மறுபடி போட்டுப் பார்க்கிற பிள்ளையைப்போல.

"கேட்டியா? வாயில வந்ததைச் சொல்றதும் இல்லாம, பெரியவங்க மேல பழி வேற போடுறியா?" அவர் அங்கேயே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு மகளின் காதில் வைத்தார். மணல் வட்டத்து ஓரத்தில், மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பென்சில் பேசினாள். "பெரியப்பா, மன்னிச்சிடுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் சொன்னேன்." அக்கா ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட குளம்பையே சுரண்டிக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பென்சில் வருவதை நிறுத்தவில்லை. அது இன்னும் கொடுமை. சனிக்கிழமை தவறாமல் வந்தாள், மேடத்தைச் சீவினாள், தண்ணீர் காட்டினாள். ஏறுகிற நாள் வந்தபோது, மற்றப் பிள்ளைகளைப்போல அக்கா தூக்கிவிடக் காத்திருக்காமல், தானே மர முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டாள். அக்கா கேட்டால் பதில் சொல்வாள். ஆமா, இல்ல, சரி. அந்த நூறு அக்காவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"சின்னப் பொண்ணுதானே, ஒரு சாக்லேட் வாங்கிக் குடு. அடுத்த நிமிஷம் மறந்துடும்" என்றான் தம்பி.

"ஏற்கெனவே ஒரு தடவை கேரட்டைக் காட்டினவடா நான்" என்றாள். அன்று அவன் பாக்ஸிலிருந்து எதையும் எடுக்கவில்லை. தம்பிக்கே பயமாகிவிட்டது.

நான்காவது வாரம் மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தனியாக நின்ற பென்சிலிடம் போனாள். குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீ தப்பா புரிஞ்சுக்கல. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

பென்சில் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். "இதை அப்பாகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள். மேடம் அறைக்குள் வாலை ஆட்டுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். பென்சில் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் பூராவும் அக்கா யாரையும் அதட்டவில்லை. லாரி டிரைவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஒரு குதிரையை ஏமாற்றியதற்கு நாலு மாசம். ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் பொய்க்காரியாக்கியதற்கு எத்தனை மாசம்? மேடத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதைக் கேட்கத் தனக்கே சகிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெயின்ட் கடைக்காரர் மகளைக் கூட்டிப்போக வந்து வேலியில் சாய்ந்து நின்றார். அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே போனாள். பென்சில் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"சார், அன்னிக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். பாப்பா சொன்னதுதான் நிஜம். அவளையும் கேக்காம யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னது நான்தான்."

அவர் வேலியை விட்டு நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்போ இவ பொய் சொல்லலியா?"

"இல்ல சார். நான்தான் சொன்னேன்."

"ஒரு வாரம் நான் இவகிட்ட முகம் குடுத்துப் பேசல. தெரியுமா உங்களுக்கு? அண்ணனை அப்படிச் சொன்னதுக்குக்கூட இல்ல. பொய் சொல்லி ஒருத்தர் மேல பழி போட்டாளேன்னு." அவர் குரல் உயர்ந்து, பாதியில் கம்மிப்போனது. "இவ ராத்திரி சாப்பிடாம படுத்தா. போகட்டும்னு விட்டேன்."

அக்கா தலையைக் குனியவில்லை. "நான் சொல்லிக் குடுத்ததுல தப்பில்ல சார். அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பயந்து இல்லேன்னதுதான் தப்பு."

"வா போகலாம்" என்று அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது, "இனிமே வர மாட்டா" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். கார் கதவு படீரென்று சாத்தப்பட்டதில் வாத்தியார்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தது.

அடுத்த சனிக்கிழமை பென்சில் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். முதலாளி வந்தார்.

"ஏம்மா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?"

"சும்மா இருந்தேன் சார். அதுலதான் எல்லாம் கெட்டுப்போச்சு."

அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். மேடத்தின் விஷயத்தை மாதக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மாதக் கடைசி என்று சொன்னால் எந்த மாதம் என்று கேட்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அக்கா கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் மேடத்தின் அறைக்கு வெளியே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை, பிள்ளைகள் வருகிற நேரம் தாண்டி அரை மணி கழித்து அந்தக் கார் வந்தது. பெயின்ட் கடைக்காரர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். அக்கா பக்கத்தில் போனாள்.

"அண்ணனுக்கு நானே போன் பண்ணிட்டேன். இவ பொய் சொல்லலன்னு சொல்லிட்டேன்" என்றார். கையால் ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மத்த விஷயத்துல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அது வேற."

"இருக்கட்டும் சார்" என்றாள் அக்கா.

பென்சில் இந்தப் பக்கம் பார்க்காமலே இறங்கி லாயத்துக்குள் போனாள். அக்கா பின்னால் போகவில்லை. மணல் வட்டத்தின் நடுவில், மற்ற இரண்டு பிள்ளைகளுக்குக் கடிவாளத்தைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அடிக்கடி அந்தப் பக்கம் போய்வந்தது. பென்சில் மேடத்தின் அறை வாசலில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள், சீவினாள், சேணம் பூட்டினாள், வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மேடத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

முக்காலி வேலியோரமாகக் கிடந்தது. பென்சில் அதைத் தாண்டி வந்தாள். நேரே மணல் வட்டத்துக்குள் வந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடத்தை நிறுத்தினாள். பிடரியையும் சேணத்தையும் பற்றிக்கொண்டாள். ஏற்றிவிட ஆள் இருக்கும்போது பிள்ளைகள் செய்வதுபோல, இடது காலை முழங்காலில் மடக்கிப் பின்பக்கமாகத் தூக்கினாள். பின்னால் நின்று அந்தக் காலைத் தாங்கித் தூக்கிவிட யாரும் இல்லையென்றால் அது அந்தரத்தில்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால் அப்படியே நின்றது.

அக்கா இரண்டு கையையும் பேண்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஓடினாள்.